கவனமாகத் திருத்துங்கள்

ரிஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழியில் எழுதிய கோப்பைத் தொகுப்பியிடம் ஒப்படைத்தால், அது ஜாவாஸ்கிரிப்ட்டாக மாறி வெளியே வரும். அப்படி வந்த கோப்பின் நெற்றியில் ஒரு குறிப்பு வரி இருக்கும். ‘இதை ரிஸ்கிரிப்ட் உருவாக்கியது, தயவுசெய்து கவனமாகத் திருத்துங்கள்’ என்பது அதன் பொருள். அந்த வரியின் முன் சற்று நில்லுங்கள். பொறி எழுதித் தரும் கோப்புகளில் பெரும்பாலானவை ‘திருத்தாதே’ என்று முகத்தில் அறைந்தாற்போல் சொல்லிவிடும். இந்த மொழியோ வாசிப்பவரை நம்புகிறது. கை வையுங்கள், ஆனால் பார்த்து வையுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறது. ஒரு கருவி மனிதரிடம் இவ்வளவு மரியாதையாகப் பேசுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

அந்தக் கனிவு வெறும் வாய்வார்த்தையும் இல்லை. குறிப்பு வரிக்குக் கீழே இறங்கி வாசித்துப் பாருங்கள். நாம் வைத்த பெயர்கள் பெயர்களாகவே இருக்கின்றன. நாம் எழுதிய செயற்கூறுகள் நாம் எழுதிய வரிசையிலேயே நிற்கின்றன. ஒரு பதிவேட்டை வகுத்திருந்தால் அது எளிய ஜாவாஸ்கிரிப்ட் பொருளாக, மேலே எந்தப் பூச்சும் இல்லாமல் வருகிறது. வேறொரு மொழியிலிருந்து ஜாவாஸ்கிரிப்ட்டுக்குப் பெயர்த்துத் தரும் கருவிகள் எத்தனையோ உண்டு. அவற்றில் பல, பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாத உருவத்தைத்தான் ஈன்று தரும். ரிஸ்கிரிப்ட் ஈன்றதை எடுத்து, அந்த மொழியையே அறியாத ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர் கையில் கொடுக்கலாம். அவர் புருவம் சுருக்காமல் வாசித்துவிடுவார். பலர் நடக்காத வழியில் நடக்கிறவனுக்கு இதைவிட இதமான ஆறுதல் ஏது? நாளைக்கே இந்த மொழியை விட்டுவிட நேர்ந்தாலும் கையில் மிஞ்சுவது குப்பை இல்லை. தெளிவான, தொடர்ந்து வளர்க்கத்தக்க நிரல்.

நான் இருப்பது பெரிய முதலியார்சாவடியில். புதுச்சேரியை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால், ஆரோவில்லுக்குச் சாலை பிரிகிற பக்கம் இருக்கும் ஊர். ஒருபுறம் கடல், மறுபுறம் செம்மண் மேடு. அதே சாலையில் இன்னும் வடக்கே போனால் மரக்காணம் வரும். கழுவேலியின் நீர்ப்பரப்பும், கண்ணெட்டும் தூரத்துக்குக் கட்டம் கட்டமாக உப்பளங்களும் விரியும். என் உறவில் மாமா ஒருவருக்கு அங்கே அளம் இருக்கிறது. அந்த அளத்தின் கணக்கை வைத்துக்கொள்ள ஒரு சிறு செயலி எழுதினேன். அளத்தில் நிற்பவர் கையில் ஆண்ட்ராய்டு கைபேசி, சென்னையில் வேலை பார்க்கும் மகன் கையில் ஐபோன், வீட்டில் கணக்குப் பார்க்கும் அத்தைக்குக் கணினியில் உலாவி. மூன்று இடத்திலும் ஒரே கணக்கு, ஒரே நேரத்தில், பிசகாமல் தெரிய வேண்டும். இதற்கென்று எல்லோரும் போகிற அகலமான சாலைகள் உண்டு: டார்ட் மொழியோடு ஃப்ளட்டர், டைப்ஸ்கிரிப்ட்டோடு ரியாக்ட் நேட்டிவ். அவை நல்ல சாலைகள்தாம். ஆனால் என் மனம் ரிஸ்கிரிப்ட்டிடம் போய்விட்டது. ரியாக்ட்டின் மேலும் ரியாக்ட் நேட்டிவின் மேலும் அது அமர்ந்திருக்கும் நேர்த்தியைப் பார்த்த பிறகு வேறெதிலும் கை ஓடவில்லை.

முதலில் என்னைக் கட்டிப்போட்டது, ஒரு பொருளின் நிலைகளைச் சொல்ல அந்த மொழி தரும் முறை. ஒரு பாத்தி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை. சில நாள் காய்ந்து கிடக்கும். சில நாள் நீர் கட்டியிருக்கும். சில நாள் உப்பு வாரி முடிந்திருக்கும். இதை ரிஸ்கிரிப்ட்டில் ஏறக்குறைய இப்படி எழுதலாம். நிரலில் பெயர்கள் இலத்தீன் எழுத்தில் இருக்கும். வாசிக்க வசதியாக இங்கே தமிழில் தருகிறேன்.

வகை பாத்தி = காய்ந்தது | நீர்கட்டியது(டிகிரி) | வாரியது(மூட்டை)

எத்தனை சிக்கனம், எத்தனை முழுமை! நடுவில் நிற்கும் ஒவ்வொரு செங்குத்துக் கோடும் ‘அல்லது’ என்று சொல்கிறது. அடைப்புக்குள் இருப்பதைத்தான் இன்னும் நெருங்கிப் பார்க்க வேண்டும். நீர் கட்டிய பாத்திக்கு மட்டுமே டிகிரி உண்டு. வாரிய பாத்திக்கு மட்டுமே மூட்டை எண்ணிக்கை உண்டு. காய்ந்த பாத்தியிடம் போய் ‘உன் டிகிரி என்ன’ என்று கேட்க இந்த மொழியில் வழியே கிடையாது. கேட்டால் தொகுப்பி ஏற்காது. வழக்கமான முறையில் ஒரு பொருளுக்குள் நிலை, டிகிரி, மூட்டை என்று மூன்று கட்டங்களை வைத்து, தேவைப்படாததை வெற்றாக விட்டிருப்போம். காய்ந்த பாத்தியில் நாற்பது மூட்டை என்று ஒரு வரி எங்கிருந்தோ முளைத்தால் தடுக்க ஆளிருக்காது. இங்கே அப்படியொரு பொய்யை எழுதவே முடியாது. உலகில் இல்லாத ஒன்றுக்கு மொழியிலும் இடமில்லை. உண்மையின் உருவத்தை அளந்து தைத்ததுபோன்ற இந்த வகைமுறையை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அந்த டிகிரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அளத்தில் நிற்பவர்களுக்கு அது வெயிலின் டிகிரி இல்லை, நீரின் டிகிரி. ‘இன்னும் டிகிரி ஏறலப்பா, ரெண்டு நாள் போவட்டும்’ என்று மாமா சொல்வது நீரின் அடர்த்தியைத்தான். கடல்நீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரியில் இருக்கும். வெயிலில் வற்றி வற்றி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு மணி மணியாக இறங்கத் தொடங்கும். 29, 30 என்று போய்விட்டால் மெக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசப்பேறிவிடும். அதற்குள் அந்த நீரை வெளியேற்றிவிட வேண்டும். இந்த அளவுகோலை 1768இல் வகுத்தவர் ஆந்துவான் போமே என்னும் பிரெஞ்சு மருந்தாளர். இப்படிப்பட்ட எண்ணை வெறும் எண்ணாக நிரலில் விட்டால், விலையோடு கூட்டினாலும், மூட்டையோடு பெருக்கினாலும் கணினி வாய் திறக்காது. ரிஸ்கிரிப்ட்டில் டிகிரிக்கென்று தனி வகை ஒன்றைச் செய்து அதற்குள் எண்ணை வைக்கலாம். அதன்மேல் ‘உறையில்லாதது’ என்ற பொருளில் ஒரு சிறு குறியை இட்டுவிட்டால், தொகுப்பி சரிபார்க்கும்வரை அந்த உறை இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட்டாக இறங்கும்போது உறை மறைந்து எண் மட்டும் எஞ்சும். காவல் முழுக்க உண்டு. ஓடும் நேரத்தில் அதற்கென்று ஒரு துளிப் பளுவும் இல்லை. விலை குறைந்த கைபேசியில் ஓட வேண்டிய செயலிக்கு இது பெரிய அருள்.

அடுத்து, இந்தக் கோட்டைப் பாருங்கள்: ->

பாத்தி->அளந்துபார்->மூட்டையாக்கு->பதிவிடு

இதையே பழைய முறையில் எழுதினால் பதிவிடு(மூட்டையாக்கு(அளந்துபார்(பாத்தி))) என்று ஆகும். முதலில் நடப்பது கடைசியில் கிடக்கும். கடைசியில் நடப்பது முதலில் நிற்கும். உள்ளேயிருந்து வெளியே அடைப்பு அடைப்பாகத் தோண்டி வாசிக்க வேண்டும். ஒரு சிறு கோடும் ஒரு கூர்முனையும் சேர்ந்து அந்தத் தலைகீழை எத்தனை அழகாக நிமிர்த்திவிடுகின்றன! உவர்நீர் ஒரு பாத்தியிலிருந்து மடை வழியாக அடுத்த பாத்திக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று போகப்போக அடர்ந்து உப்பாகிறதே, அதேபோல மதிப்பு இடமிருந்து வலமாக நகர்ந்து நகர்ந்து முதிர்கிறது. பொருள் முன்னே, செயல் பின்னே. தமிழில் எண்ணிப் பழகியவருக்கு இந்த வரிசை நாவில் தானாக ஓடும்.

ஓசை நயத்துக்காக மட்டும் அப்படி வைக்கவில்லை என்பதுதான் இன்னும் இனிமை. இந்த மொழி பிறந்த குடும்பத்தில் மதிப்பைக் கடைசியில் தருவதே நெடுநாள் வழக்கம். ரிஸ்கிரிப்ட் அதை மாற்றி மதிப்பை முதலில் வைத்தது. தொகுப்பி வகைகளை இடமிருந்து வலமாகத்தான் கண்டுபிடித்துக்கொண்டு போகிறது. கையில் இருப்பது பாத்திகளின் பட்டியல் என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், அடுத்து வரும் செயற்கூறுக்குள் நாம் தவறு செய்யும்போது சரியான இடத்தைச் சுட்டிக்காட்ட அதனால் முடியும். வாசிப்பவரின் கண்ணுக்கும் தொகுப்பியின் அறிவுக்கும் ஒரே வரிசை ஒத்துப்போகிறது. அழகும் பயனும் ஒரே புள்ளியில் கூடி நிற்கும் இடங்கள் கலையில் அரிது. பொறியியலில் இன்னும் அரிது.

கண்டுபிடித்துக்கொண்டு போகிறது என்றேன். அதுவும் ஒரு அருமையான குணம். ‘இது எண், இது சொல், இது பட்டியல்’ என்று நாம் பெரும்பாலும் எழுதித் தர வேண்டியதே இல்லை. இரண்டு எண்களைக் கூட்டும் செயற்கூறை எழுதினால், கூட்டல் குறியைப் பார்த்தே அவை எண்கள் என்று அது உணர்ந்துகொள்ளும். அந்த உணர்வைப் பிடித்துக்கொண்டு நிரல் முழுவதும் போய், எங்கே பொருந்துகிறது, எங்கே முரண்படுகிறது என்று சொல்லிவிடும். இதன் வேர் எடின்பரோவில் இருக்கிறது. ராபின் மில்னர் அங்கே 1970களில் எம்எல் என்ற மொழியை உருவாக்கினார். வகைகளைத் தானே கண்டறியும் முறையைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரை 1978இல் வெளிவந்தது. 1991இல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது. எம்எல்லின் கிளை பிரான்சுக்குப் போனது. இன்ரியா என்ற அந்நாட்டு ஆய்வு நிறுவனத்தில் 1987இல் காம்ல், 1996இல் ஆப்ஜெக்டிவ் காம்ல் என்று தழைத்தது. இன்று ஓகாம்ல் என்கிறோம். புதுச்சேரிக்குப் பக்கத்து ஊர்க்காரனுக்கு இந்தப் பிரெஞ்சு வழி கேட்டதுமே ஒரு நெருக்கம் வந்துவிடுகிறது. போமேயின் அளவுகோலும் காம்லின் பிள்ளையும் மரக்காணத்து அளத்தின் ஓரத்தில் ஒரே செயலியில் வந்து சேர்ந்ததை எண்ணி நான் மகிழாத நாள் இல்லை.

அந்தக் கிளை ரியாக்ட்டைச் சேர்ந்த கதை இன்னும் சுவையானது. ஃபேஸ்புக்கில் ரியாக்ட்டை உருவாக்கிய ஜோர்டன் வாக், அதன் முதல் முன்மாதிரியை எழுதியது ஜாவாஸ்கிரிப்ட்டில் அல்ல. எம்எல் குடும்பத்து மொழி ஒன்றில்தான். ரியாக்ட் 2013இல் வெளியானது, ரியாக்ட் நேட்டிவ் 2015இல் வந்தது. 2016இல் அவரே ஓகாம்லுக்கு ஜாவாஸ்கிரிப்ட்காரர்களுக்குப் பழகிய முகத்தைத் தந்து ரீசன் என்ற இலக்கணத்தை வெளியிட்டார். அதே காலத்தில் ப்ளூம்பெர்க் நிறுவனத்தில் ஹோங்போ ஜாங், ஓகாம்லை வாசிக்கத்தக்க ஜாவாஸ்கிரிப்ட்டாக மாற்றும் பக்கிள்ஸ்கிரிப்ட் என்ற தொகுப்பியைச் செதுக்கிக்கொண்டிருந்தார். இரண்டு ஓடைகளும் கலந்து, 2020இல் ரிஸ்கிரிப்ட் என்ற பெயர் வந்தது. ஆகவே ரிஸ்கிரிப்ட்டில் ரியாக்ட் திரை ஒன்றை எழுதும்போது அது ஒட்டவைத்ததாகத் தெரிவதில்லை. தலைப்பு, பட்டியல், பொத்தான் என்று திரையின் உறுப்புகளைக் கூர் அடைப்புகளுக்குள் எழுதும் முறை மொழியின் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கிறது. எந்தச் சிந்தனையிலிருந்து ரியாக்ட் முளைத்ததோ, அந்தச் சிந்தனையின் தாய்வீட்டுக்கே அது திரும்பி வந்திருக்கிறது. அந்த இயல்பு ஒவ்வொரு வரியிலும் தெரிகிறது.

நம் நாட்டில் இந்த வழியில் பெரிய அளவில் நடந்து காட்டியவர்கள் பெங்களூருவின் ஜஸ்பே நிறுவனத்தார். பணப் பரிமாற்றத்துக்கான அவர்களுடைய ஹைப்பர்ஸ்விட்ச் திறமூலமாகக் கிடைக்கிறது. அதன் சேவையகப் பகுதி ரஸ்ட் மொழியில் இருக்கிறது. வணிகர்கள் பார்க்கும் கட்டுப்பாட்டுப் பலகையும், இணையத்தில் பணம் செலுத்தும் திரையும், ரியாக்ட் நேட்டிவின் மேல் நிற்கும் கைபேசித் திரையும் ரிஸ்கிரிப்ட்டில் எழுதப்பட்டவை. அந்த நிரலைத் திறந்து வாசிப்பது எனக்கு ஒரு நல்ல மாலைப்பொழுது. அட்டையா, யுபிஐயா, வங்கியா என்று பணம் செலுத்தும் வழிகள் ஒவ்வொன்றும் தன் தன் விவரத்தோடு வந்து நிற்க வேண்டிய துறை அது. ‘அல்லது’ என்பதைச் செங்குத்துக் கோடாக நிறுத்தி எழுதும் மொழிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வாய்க்காது. அதே நிறுவனத்தில் வேர்கொண்டு 2022 நவம்பரில் பெங்களூருவில் ஓடத் தொடங்கிய ‘நம்ம யாத்ரி’ என்ற ஆட்டோச் செயலிக்கு, ரிஸ்கிரிப்ட்டுக்கு உறவுமுறையான பியூர்ஸ்கிரிப்ட்டைத் திரைகளுக்கும், ஹாஸ்கெல்லைப் பின்னணிக்கும் எடுத்துக்கொண்டார்கள். அந்த நிரலும் எல்லோர் பார்வைக்கும் திறந்தே இருக்கிறது. காக்கிச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்க்கும் சின்னத் திரைக்குப் பின்னே, ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் கனிந்த ஒரு மொழி மரபு வேலை செய்துகொண்டிருக்கிறது. அந்த எண்ணம் எனக்கு எப்போதும் தித்திக்கும்.

இனி, பிழைச் செய்திகள். பிழை என்றாலே முகம் சுளிக்கிறோம். ரிஸ்கிரிப்ட் தன் பிழைச் செய்தியை எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ‘உங்களுக்காக ஒரு பிழையைக் கண்டுபிடித்திருக்கிறோம்!’ உங்களுக்காக! அந்த ஒரு சொல்லில் உறவே மாறிவிடுகிறது. குற்றம் பிடித்த அதிகாரியின் குரல் இல்லை. தொலைந்ததைத் தேடிக் கொண்டுவந்து கையில் வைக்கும் தோழரின் குரல். அதைத் தொடர்ந்து கோப்பின் பெயர், எத்தனையாவது வரி, எத்தனையாவது எழுத்து. அதன் கீழே நம்முடைய நிரலின் அந்தப் பகுதி, மேலும் கீழும் சில வரிகளோடு வரும். தவறிய இடம் மட்டும் சிவப்பில் இருக்கும். சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்துத் தருகிறதே, அந்தப் பரிவைக் கவனியுங்கள். தவறை அதன் சூழலிலிருந்து பிய்த்தெடுத்து நீட்டாமல், அது நிற்கும் இடத்தோடு காட்டுகிறது. பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தால், ‘இதையா சொல்ல வந்தீர்கள்?’ என்று சரியான பெயரையும் கூடவே நீட்டும்.

இதெல்லாம் எத்தனை விரைவில் நடக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். கோப்பைச் சேமித்து விரலை எடுக்குமுன் தொகுத்து முடித்திருக்கும். மாறிய கோப்பையும் அதைச் சார்ந்தவற்றையும் மட்டும் தொட்டுவிட்டு மற்றதை அப்படியே விட்டுவிடும். எண்ணத்துக்கும் விடைக்கும் நடுவே காத்திருப்பு இல்லாதபோது, நிரல் எழுதுவது உரையாடலாகவே ஆகிவிடுகிறது.

இல்லாமையை இந்த மொழி நடத்தும் விதம் தனி அழகு. டோனி ஹோர் 1965இல் அல்கால் டபிள்யூ என்ற மொழிக்காக, ‘எதுவுமில்லை’ என்பதைக் குறிக்கும் வெற்றுச் சுட்டியை வைத்தார். 2009இல் அவரே அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் தவறு என்று சொன்னார். எங்கே வெற்று வரும், எங்கே வராது என்று யாருக்கும் தெரியாததுதான் அதன் கேடு. ரிஸ்கிரிப்ட்டில் வராமல் போகக்கூடிய மதிப்பு என்றால் அதை வகையிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால், இருக்கும்போது என்ன செய்வது, இல்லாதபோது என்ன செய்வது என்று இரண்டுக்கும் விடை எழுதாமல் அந்த மதிப்பைத் தொடவே விடாது. அளத்துக்கு இது எத்தனை பொருத்தம்! அளக்காத நாள் வேறு, அளந்து சுழி வந்த நாள் வேறு. கணக்கில் இரண்டையும் ஒரே ‘0’ என்று எழுதினால் உழைத்தவரின் நாளைத் தொலைத்துவிடுவோம். இந்த மொழியில் அந்த வேறுபாடு கடைசிவரை காப்பாற்றப்படுகிறது. இத்தனை காவலும் ஜாவாஸ்கிரிப்ட்டில் இறங்கும்போது, மதிப்பு இருந்தால் பெரும்பாலும் வெறும் மதிப்பாகவே இறங்கும். தோளில் எந்த மூட்டையும் இராது.

சின்னச் சின்ன நயங்களையும் விட்டுவிட மனமில்லை. ஒரு செயற்கூறுக்குத் தரும் மதிப்புகளுக்குப் பெயர் சூட்டி, முன்னால் ஓர் அலைக்கோடு இடலாம்: ~மூட்டை, ~விலை. அதன்பின் எதை முன்னே தந்தாலும் எதைப் பின்னே தந்தாலும் குழப்பம் இல்லை. விலை போய் மூட்டையின் இடத்தில் உட்காராது. அப்புறம், ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றைப் பயன்படுத்த, தலையில் வரிசையாக ‘இறக்குமதி’ வரிகள் அடுக்க வேண்டியதில்லை. கணக்கு என்ற கோப்பில் கூட்டு என்ற செயற்கூறு இருந்தால், எங்கிருந்தும் கணக்கு.கூட்டு என்று அழைத்தால் வந்து நிற்கும். இதற்காக ஒரு திட்டத்துக்குள் எந்த இரண்டு கோப்புக்கும் ஒரே பெயர் இருக்கக் கூடாது என்று மொழி கேட்டுக்கொள்கிறது. அந்தச் சிறு கட்டுப்பாடு எவ்வளவு நல்லது செய்கிறது தெரியுமா? ஒவ்வொரு கோப்புக்கும் பெயர் வைக்கும்போது நின்று யோசிக்க வைக்கிறது. நிரலின் முதல் வரியே நம் எண்ணத்தின் முதல் வரியாக, நெரிசல் இல்லாமல் தொடங்குகிறது.

எழுதிய பதிவேட்டை மாற்றாமல், மாறிய ஒரு கட்டத்தை மட்டும் சொல்லிப் புதிய பதிவேட்டைச் செய்துகொள்வதும் இங்கே இயல்பான நடை. மூன்று புள்ளிகளும் பழைய பதிவேட்டின் பெயரும்: ‘மற்றதெல்லாம் அதேபோல’ என்று அதற்குப் பொருள். பழைய கணக்கு பழைய கணக்காக நிற்கும், புதியது அதன் பக்கத்தில் பிறக்கும். கணக்குப் புத்தகத்தை அழிக்காமல் எழுதுவதில் அத்தைக்கு இருக்கும் பிடிவாதத்தை மொழியே தன் இயல்பாக வைத்திருப்பதைப் பார்த்து நான் அவரிடம் சொன்னேன். ‘அப்படித்தானடா எழுதணும்’ என்றார்.

பலர் பேசாத மொழி என்றால் தனித்தீவு என்று எண்ண வேண்டாம். ஜாவாஸ்கிரிப்ட் உலகில் உள்ள எந்தப் பொருளையும் ஒரே அறிவிப்பு வரியில் வீட்டுக்குள் அழைத்துக்கொள்ளலாம். அந்தச் செயற்கூறு எங்கே இருக்கிறது, எதை வாங்கும், எதைத் தரும் என்று சொன்னால் போதும். உலாவியிலேயே இருக்கும் எண் வடிவமைப்பை அப்படி அழைத்து, தமிழ்நாட்டு வழக்குக்கான குறியைக் கொடுத்தேன். நூறாயிரம் என்பது 1,00,000 என்று நம் கணக்கிலேயே காற்புள்ளி வைத்துத் திரையில் வந்தது. வெளியுலகின் பெருஞ்செல்வம் அப்படியே கையில் இருக்கிறது. அது உள்ளே வரும் வாசலில் மட்டும் யார், என்ன என்று ஒரு கேள்வி.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். ரீசன் காலத்தில் நிரலுக்குள் தமிழ் வாசகம் எழுத வேண்டுமானால் சாதாரண மேற்கோள் குறி போதாது. இருபுறமும் நெளி அடைப்பும் செங்குத்துக் கோடும் இரண்டு இலத்தீன் எழுத்துகளுமாக ஒரு வேலி போட வேண்டும். ரிஸ்கிரிப்ட்டின் இலக்கணம் வந்தபோது அந்த வேலி போய்விட்டது. இன்று ‘உப்பு வாரியாச்சு’ என்பதை இரட்டை மேற்கோளுக்குள் எழுதினால் அது எழுதியபடியே கைபேசியிலும் உலாவியிலும் மலர்கிறது. எங்கோ ஒரு மூலையில் செய்த அந்தச் சிறு திருத்தத்தின் அருமை, தமிழில் திரை செய்கிறவர்களுக்குத்தான் முழுதாகத் தெரியும்.

கடைசியாக, இந்த மொழியின் எல்லா நயங்களும் ஒன்றுசேரும் இடத்துக்கு வருகிறேன். பாத்தியின் நிலைகளில் ‘மழையில் கரைந்தது’ என்ற ஒன்றைப் பின்னால் சேர்த்தேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னோட்டமாக எதிர்பாராத ஒரு மழை அடித்தாலும் பாத்தியில் இறங்கிய உப்பு போய்விடும்; அதற்கும் கணக்கில் ஒரு பெயர் வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சேர்த்ததும் தொகுப்பி நிரல் முழுவதையும் வலம் வந்தது. ‘இங்கே ஒரு நிலையைக் கையாள மறந்திருக்கிறீர்கள், எடுத்துக்காட்டாக’ என்று தொடங்கி, விடுபட்ட நிலையின் பெயரையே எழுதிக் காட்டியது. கைபேசித் திரையில் எந்த நிறம், உலாவிப் பட்டியலில் எந்த வாசகம், மாதக் கூட்டலில் எந்த எண் என்று அது விடுபட்ட இடங்களை ஒவ்வொன்றாக எனக்குக் காட்டிக்கொண்டே வந்தது. இதை வெறும் எச்சரிக்கையாக விடாமல் பிழையாகவே கொள்ளும்படி அமைப்புக் கோப்பில் ஒரு வரி எழுதிவிட்டால், கடைசி இடமும் நிறையும்வரை செயலியை வெளியே அனுப்பாது. மூன்று வகைத் திரையில் ஓடும் ஒரு செயலிக்கு இதைவிடப் பெரிய பேறு வேறில்லை. ஒரு திரையில் தெரிந்து இன்னொன்றில் தெரியாமல் போகும் அவலம் நிகழவே இடமில்லாமல் போகிறது.

வாசகங்களின் மொழியையும் அதேபோல வகையாக்கி வைத்திருக்கிறேன்: தமிழ் | ஆங்கிலம். சாலைக்கு அந்தப் பக்கம் ஆரோவில்லில் இருந்து அளத்தைப் பார்க்க வருகிறவர்களில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கும் பாத்தியின் கதை தெரியட்டும் என்று மாமா சொல்லியிருக்கிறார். இந்த வாரம் அந்த வரியின் கடைசியில் ஒரு செங்குத்துக் கோடு இழுத்து ‘பிரெஞ்சு’ என்று சேர்க்கப் போகிறேன். எங்கெங்கே எழுத வேண்டும் என்ற பட்டியலைத் தொகுப்பியே தரும்.